சோர்ந்த பிள்ளையும் சூழ்ந்திருக்கும் குடும்பமும்

இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் அடியில், சாவதே மேல் என்று படுத்துவிட்டபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் உறங்க விட்டார் (1 அரசர் 19). நாள்பட்ட சோர்வு நோயால் வாடும் இளையோரைப் பற்றிப் பேசுமுன் இதை நாம் நினைத்துக்கொள்வது நல்லது.

இந்நோய் உறங்கி எழுந்தால் தீரும் களைப்பு அன்று. சிறிது நடந்தாலும், சிறிது படித்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் முற்றிலும் தளர்ந்துவிடும். வழக்கமான இரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆகவே, 'இந்த வயதில் என்ன களைப்பு?' என்று நம்மவர்கள் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். தந்தை "எழுந்து பள்ளிக்குப் போ" என்கிறார், தாய் "விடுங்கள், தூங்கட்டும்" என்கிறார். இருவருக்கும் நடுவே பிள்ளை குற்ற உணர்வோடு படுத்திருக்கிறது.

இதனால்தான் குடும்பத்தையே அமர வைத்துப் பேசும் சிகிச்சையை இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர் ட்ரூடி சால்டரும் உடன் பணியாற்றியோரும் வளர்த்தெடுத்தார்கள். உறங்கும் நேரம், எழும் நேரம், ஒரு நாளில் எவ்வளவு செய்யலாம் என்பவற்றைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே வகுக்கிறார்கள். உடல் சற்றுத் தேறிய நாளில் எல்லாவற்றையும் செய்து முடித்து, பின்பு வாரம் முழுவதும் படுத்துக்கிடக்கும் சுழற்சியை அடையாளம் காண்கிறார்கள். 11 முதல் 18 வயது வரையுள்ள 63 பேரிடம் அவர்கள் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. சிகிச்சை முடிந்த வேளையில், நோயைப் பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் அதிக நேரம் பள்ளியில் இருந்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பின் இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். விளக்கிச் சொல்வதே பாதி உதவி என்று நமக்குத் தோன்றுகிறது.

பேச்சினால் உதவி கிடைக்கிறது என்பதால் நோய் மனத்தின் கற்பனை என்று ஆகிவிடாது. புற்றுநோயாளருக்கும்கூட ஆற்றுப்படுத்துநர் தேவைப்படுகிறார் அல்லவா? பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், உடற்பயிற்சியைக் குறித்த அளவில் கூட்டிக்கொண்டே போகும் முறையை 2007-இல் பரிந்துரைத்து, 2021-இல் கைவிட்டது. பேச்சுவழிச் சிகிச்சை நோயைக் குணமாக்குவது அன்று, அதோடு வாழ உதவுவது என்றும், நோக்கத்தை விளக்கி, பிள்ளையும் பெற்றோரும் விரும்பினால் மட்டுமே அளிக்க வேண்டும் என்றும் அது தெளிவுபடுத்தியது.

நம் பங்கில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஞாயிறு திருப்பலிக்கு வராததைக் குறையாகப் பேச வேண்டாம். நோயுற்றோரைத் திருச்சபை அக்கடமையிலிருந்து விலக்கியுள்ளது. வீட்டிற்கு நற்கருணை கொண்டுவரும்படி பங்குத்தந்தையைக் கேட்கலாம். அந்தச் சந்திப்பு கால் மணி நேரத்தில் முடியட்டும். உரையாடுவதுகூட அப்பிள்ளையைக் களைப்படையச் செய்யும்.