சலவை வில்லை: உறுதியும் வேண்டும், கரைதிறனும் வேண்டும்

மாவைக் கரைத்துப் பழகியவர் அனைவரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. நீரைச் சற்று அவசரமாக ஊற்றிவிட்டால் மாவு கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். கட்டியின் வெளிப்புறம் நனைந்து பசைபோல் இருக்கும். அதைப் பிளந்து பார்த்தாலோ உள்ளே மாவு உலர்ந்தபடியே இருக்கும். வெளிப்புறத்துப் பசையே மேலும் நீர் உட்புகாதபடி தடுத்துவிடுகிறது. சலவைத் தூளை அழுத்தி வில்லையாக்கும் தொழில் பல ஆண்டுகளாக எதிர்த்துப் போராடிய இடர்ப்பாடும் ஏறக்குறைய இதுவேயாகும்.

துணி துவைப்பதற்கோ பாத்திரம் கழுவுவதற்கோ ஒரு தடவைக்கு வேண்டிய தூளை முன்கூட்டியே அளந்து, யந்திரத்தால் அழுத்தி, மருந்து மாத்திரையைப் போன்று, ஆனால் அதனினும் பன்மடங்கு பெரிதாகச் செய்யப்படுவதே சலவை வில்லை. துணி துவைக்கும் யந்திரத்துக்கான வில்லை சுமார் 35 முதல் 40 கிராம் வரை எடையுள்ளது. பாத்திரம் கழுவும் யந்திரத்துக்கான வில்லை சுமார் 20 கிராம் இருக்கும். இவ்வில்லையிடம் இரண்டு பண்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன. தொழிற்சாலையிலிருந்து இல்லம் வரும்வரை அது உடையாமலும் உதிராமலும் இருக்க வேண்டும். நீரில் இட்டபின் சில நிமிஷங்களுக்குள் முற்றிலும் சிதறிக் கரைந்துவிட வேண்டும். முன்னதற்கு எவ்வளவு இறுக்கம் நன்மையோ, அவ்வளவுக்குப் பின்னதற்கு அது தீமை. இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண்பதே இத்தொழிலின் சாரம்.

அளவின் அருமை

இவ்வளவு சிரமப்பட்டுத் தூளை வில்லையாக்குவானேன் என்ற வினா எழலாம். இதற்கு விடை அளவில் இருக்கிறது. தூளைக் கைப்பிடியாலும் கரண்டியாலும் அள்ளிப் போடும்போது அளவு தடவைக்குத் தடவை மாறுகிறது. அளவு குறைந்தால், கடின நீரிலுள்ள சுண்ண, மக்னீசிய உப்புக்களை எதிர்க்க வலுவின்றி அழுக்கு மீண்டும் துணியிலேயே படிகிறது. அளவு மிகுந்தாலோ நுரை அடங்குவதற்கு இரண்டு, மூன்று தடவை கூடுதலாக அலச வேண்டியிருக்கிறது. நீர் அருமையான ஊர்களில் இது சிறிய நஷ்டமன்று. மிகுதியான ரசாயனப் பொருள்களும் கழிவுநீருடன் சென்று ஏரி, குளங்களை அடைகின்றன. சரியான அளவைத் தொழிற்சாலையிலேயே நிர்ணயம் செய்துவிட்டால் இவ்விரு தீங்குகளும் பெரும்பாலும் நீங்கும். பலர் மாறி மாறி வேலை செய்யும் விடுதிகள், மருத்துவமனைகள் போன்ற இடங்களில் இந்நன்மை இன்னும் தெளிவாகப் புலப்படும்.

முதல் முயற்சியும் அதன் குறையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1960-ஆம் ஆண்டையொட்டி 'சால்வோ' என்ற பெயரில் துணி துவைக்கும் வில்லைகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. பொதுமக்கள் முதலில் அதனை விரும்பி வாங்கினர். ஆயினும் துவைத்து முடிந்தபின் வில்லையின் ஒரு பகுதி கரையாமல் துணியோடு ஒட்டிக் கிடப்பது பெருங்குறையாயிற்று. 1970-களின் இறுதிக்குள் அது சந்தையிலிருந்து மறைந்தது. பின்னர், 1980-களின் இறுதியிலிருந்து ஐரோப்பாவில் பாத்திரம் கழுவும் யந்திரங்களுக்கான வில்லைகள் பரவின. அந்த யந்திரங்களில் சுடுநீர் நெடுநேரம் பாய்வதால், சற்றுத் தாமதமாகக் கரையும் வில்லையும் அங்கே பயன்பட்டது. துணிக்கான வில்லையோ 1998-இல்தான் பிரிட்டனில் யூனிலீவர் நிறுவனத்தின் 'பெர்சில்' என்ற பெயரால் மீண்டும் பெருமளவில் அறிமுகமாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில், வில்லைக்குள் நீர் புகும் விதம் நன்கு ஆராயப்பட்டிருந்தது.

வில்லையில் அடங்கிய பொருள்கள்

வில்லையின் உயிர்நாடி, நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து அழுக்கைப் பிரிக்கும் சலவைக்கூறு ஆகும். பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் நேர்த்தொடர் அல்கைல் பென்ஸீன் சல்ஃபனேட் இவ்வகையில் மிகுதியாக உபயோகிக்கப்படுவது. இதற்கு முன் வழங்கிய கிளைத்தொடர்ப் பொருளை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்க இயலாமையால் ஆறுகளில் நுரை மலைபோல் குவிந்தது. ஆகவே 1960-களின் நடுவில் பல நாடுகள் நேர்த்தொடர்ப் பொருளுக்கு மாறின.

கடின நீரை மென்னீராக்கும் துணைக்கூறு அடுத்தது. முன்னர் இதற்குச் சோடியம் டிரைபாலிபாஸ்பேட் வழங்கியது. பாஸ்பேட் ஏரிகளில் பாசியைப் பெருக்குவதால், ஐரோப்பிய ஒன்றியம் துணிச் சலவைப் பொருள்களில் 2013 ஜூன் 30 முதலும், பாத்திரம் கழுவும் யந்திரப் பொருள்களில் 2017 ஜனவரி 1 முதலும் அதனைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. சியோலைட், சலவைச் சோடா, சிட்ரேட் ஆகியவை அதன் இடத்தைப் பெற்றன.

கறை நீக்குவதற்குச் சோடியம் பெர்கார்பனேட் சேர்க்கப்படுகிறது. சலவைச் சோடாவின் இரண்டு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பெராக்ஸைடின் மூன்று மூலக்கூறுகளுடன் இணைந்த பொருள் இது. நீரில் கரைந்ததும் பெராக்ஸைடை விடுவிக்கிறது. வெதுவெதுப்பான நீரிலும் இது வேலை செய்யும்படி ஒரு தூண்டு பொருளும் சேர்க்கப்படும். இரத்தம், பால், கஞ்சி முதலியவற்றின் கறைகளைச் சிதைப்பதற்கு என்சைம்கள் உள்ளன. பெராக்ஸைடு என்சைமைக் கெடுக்க வல்லதாதலால், இரண்டையும் வில்லையின் வெவ்வேறு அடுக்குகளில் வைப்பது உண்டு. சில வில்லைகள் இரண்டு அல்லது மூன்று நிறங்களில் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூளைக் குறுணையாக்குதல்

நுண்ணிய தூளை அப்படியே அழுத்துவது தவறு. நுண்தூள் யந்திரத்தின் அச்சுக்குழிக்குள் சீராக ஓடி விழாது. துகள்களின் இடைவெளிகளையும் அடைத்துவிடும். ஆகவே தூள் முதலில் பாகு போன்ற பிணைப்புப் பொருளுடன் கலந்து உருட்டப்பட்டுக் குறுணையாக மாற்றப்படுகிறது. பின்னர் உலர்த்திச் சலிக்கப்படுகிறது. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கினும் சிறிய துகள்களை இயன்றவரை நீக்குவர். என்சைம், பெர்கார்பனேட், வாசனைப் பொருள் ஆகியன வெப்பத்துக்கும் உராய்வுக்கும் அஞ்சுபவை. ஆதலால் இவை கடைசியிலேயே மெதுவாகக் கலக்கப்படும்.

அழுத்தும் முறை

அழுத்தும் யந்திரத்தில் வட்டமான மேடை ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அதன் விளிம்பில் 'டை' எனப்படும் அச்சுக்குழிகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு குழிக்கும் மேலும் கீழும் 'பஞ்ச்' எனப்படும் தண்டு ஒவ்வொன்று உண்டு. கீழ்த்தண்டு தாழும்போது குழியில் குறுணை நிறைகிறது. மிகுந்தது வழித்து எடுக்கப்படுகிறது. பின்னர் மேல்தண்டு இறங்கி இலேசாக ஒரு முறையும், வலுவாக மறுமுறையும் அழுத்துகிறது. முதல் அழுத்தத்தில் துகள்களிடையே உள்ள காற்று வெளியேறுகிறது. அடுத்ததில் துகள்கள் நெருங்கி, உருமாறி, ஒன்றையொன்று பற்றுகின்றன. இறுதியில் கீழ்த்தண்டு மேலெழுந்து வில்லையை வெளியே தள்ளுகிறது.

யந்திரம் குறுணையை எடையால் அன்றிக் கொள்ளளவாலேயே அளக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குறுணையின் அடர்த்தி நூற்றுக்கு ஐந்து பங்கு மாறினால் வில்லையின் எடையும் அவ்வாறே மாறும். காற்று முழுதும் வெளியேறாமல் விசையாக அழுத்தினால் வில்லையின் மேற்பகுதி மூடிபோல் பெயர்ந்துவிடும். ஈரம் மிகுந்தாலோ சலவைக்கூறு தண்டின் முகத்தில் ஒட்டிக்கொண்டு வில்லையின் பரப்பைப் பிய்த்துவிடும். எனவே எடை, தடிமன், நசுங்கும் வலிமை, நீரில் சிதறும் நேரம் ஆகிய நான்கும் மணிக்கு மணி சோதிக்கப்பட வேண்டும்.

நீர் புக வழி

செறிந்த சலவைக்கூறு நீருடன் சேரும்போது உடனே கரைவதில்லை. முதலில் கெட்டியான கூழ்போல் ஆகிறது. இக்கூழ் வில்லையின் நுண்துளைகளை அடைத்துவிட்டால், மாவுக் கட்டியில் நேர்வதே இங்கும் நேரும். இதனைத் தவிர்க்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, மிக விரைவில் கரையும் உப்பு ஒன்றைக் குறுணையாகச் சேர்ப்பது. அது கரைந்து போன இடம் நீர் செல்லும் வாய்க்காலாகிவிடுகிறது. இரண்டாவது, நீரை உறிஞ்சிப் பருக்கும் செல்லுலோஸ் போன்ற பொருளைச் சேர்ப்பது. அது பருத்து வில்லையை உள்ளிருந்தே பிளக்கிறது. சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து பொங்கும் கரியமில வாயுவும் இவ்வேலையைச் செய்யும். மூன்றாவது, வில்லையை இலேசாக மட்டும் அழுத்தி, உதிராமல் காப்பதற்கு அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசுவது. நீர் பட்டதும் பூச்சு விரிசல் விட, உள்ளிருக்கும் தளர்ந்த குறுணை சிதறிவிடும்.

ஈரமும் தூசியும்

நீர் விரைந்து புகுமாறு செய்யப்பட்ட வில்லையில், காற்றிலுள்ள ஈரமும் விரைந்தே புகும். ஈரம் பட்டால் பொங்கும் பொருள்கள் பெட்டியிலேயே வினைபுரிந்து வீணாகும்; பெர்கார்பனேட்டும் ஆக்ஸிஜனை இழந்து வலுக்குன்றும். கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஈரம் புகாத உறையில் ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியே பொதிவது இதனாலேயே. பெர்கார்பனேட்டைப் பெருங்குவியலாக வெப்பமான இடத்தில் வைத்தால், அது தானே சிதைந்து சூடேறி, தீ விபத்துக்கும் இடந்தரும்.

தொழிலாளர் நலனும் கருதற்பாலது. என்சைம் சேர்ந்த தூசியைச் சுவாசித்த சலவைத்தூள் தொழிலாளருக்கு ஆஸ்துமா போன்ற நோய் உண்டாவதை 1969-இல் பிரிட்டனில் மருத்துவர்கள் வெளியிட்டனர். அதன்பின் என்சைமை மெழுகு போன்ற பூச்சுக்குள் அடைத்து, தூசி எழாத மணிகளாகச் செய்யும் முறை வந்தது. சிறு தொழிற்கூடங்களைப் பார்வையிடுவோர், தூசியை உறிஞ்சி அகற்றும் ஏற்பாடு உள்ளதா என்பதை முதலில் கவனிப்பது நலம். இல்லங்களில் வில்லையைக் குழந்தைகள் மிட்டாய் என எண்ணிவிடலாகாது. பாத்திரம் கழுவும் வில்லை காரம் மிகுந்தது. விழுங்கினால் வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

கட்டியும் வில்லையும்

இந்தியாவில் 1959-இல் 'சர்ஃப்' தூள் வந்தது. 1969-இல் கர்சன்பாய் படேல் அகமதாபாத்தில் 'நிர்மா' தூளைத் தொடங்கினார். துணியில் தேய்த்துத் துவைக்கும் சலவைக் கட்டியும் நாடெங்கும் பரவியுள்ளது. கட்டியையும் வில்லையையும் ஒன்றெனக் கருதுவது பிழை. கட்டி, கலவையைப் பிசைந்து, திருகு யந்திரத்தால் நீளமாகப் பிதுக்கி, துண்டுகளாக வெட்டப்படுவது. அது பல நாள் உழைக்க வேண்டுமாதலால் மெதுவாகக் கரைவதே அதன் சிறப்பு. வில்லையோ ஒரே தடவையில் மறைய வேண்டியது. கட்டி செய்யும் சாதனங்களும் கலவையும் வில்லைக்கு ஏலா. புதிதாக இத்தொழிலில் இறங்க விரும்பும் சிறு தொழில் முனைவோருக்குக் கள அலுவலர்கள் இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தால் வீண் செலவு தவிரும். அன்றியும், யந்திரத்துக்கு அளவான வில்லை ஒரு வாளி நீருக்கு மிகுதி. கையால் துவைப்போருக்கு விற்பதாயின் வில்லை சிறிதாக இருக்க வேண்டும். தண்ணீர் சூடின்றியே கரையவும் வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இத்தத்துவத்தை ஆசிரியர்கள் எளிதில் விளக்கலாம். சதுரமாக அழுத்திச் செய்த சர்க்கரைக் கட்டி ஒன்றையும், அதே எடையுள்ள கற்கண்டுத் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொள்க. சர்க்கரைக் கட்டியின் ஒரு மூலையை மட்டும் வண்ண நீரில் தொடச் செய்தால், நிறம் கட்டியினுள் ஏறுவது தெரியும். துளைகள் இருப்பதற்கு அதுவே சான்று. பின்னர் வேறொரு சர்க்கரைக் கட்டியையும் கற்கண்டையும் ஒரே அளவு நீருள்ள இரு குவளைகளில் இட்டு, கலக்காமல் நேரத்தைக் குறித்துக்கொள்க. சர்க்கரைக் கட்டி விரைவில் சரிந்து விழும். கற்கண்டு நெடுநேரம் அப்படியே கிடக்கும். இரண்டும் ஒரே பொருள்தான். ஒன்றில் நீர் நுழைய வழி உண்டு; மற்றதில் இல்லை. அடுத்து, சுடுநீரில் இதே சோதனையைச் செய்து நேரங்களை அட்டவணையாக எழுதச் செய்தால், பாத்திரம் கழுவும் வில்லை முதலில் வெற்றி கண்டதன் காரணத்தை மாணவர்கள் தாமே கூறுவர்.