மிக்கி மவுஸ் வேஷத்துக்குள் வேர்த்துக் கொட்டும் வாலிபர்!

காலை டிபன் சாப்பிடும்போது மிக்கி மவுஸ் வந்து கைகுலுக்கினால் எப்படி இருக்கும்? ஹவாயில் டிஸ்னி நிறுவனம் 2011-ல் திறந்த 'அவுலானி' ஓட்டலில் இது வழக்கம். மிக்கி முக வாஃபிள், முட்டை, பழம் என வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம். மிக்கி மேஜை மேஜையாக வரும், வாய் திறக்காது. கூடவே ஓர் உதவியாளர். வேஷக்காரருக்கு அவ்வப்போது ஓய்வும் உண்டு.

பூந்தமல்லி, ஆவடி கல்யாண மண்டப வாசல்களிலும் மிக்கி நிற்கிறது. வாண்டுகள் வாலை இழுக்கும். சிலது வயிற்றில் ஒரு குத்தும் விடும். உள்ளே இருப்பதோ கூலிக்கு வந்த வாலிபர். பஞ்சு அடைத்த தலை, கம்பளி மாதிரி உடுப்பு, சித்திரை வெயில். பக்கத்தில் உதவிக்கு ஆள் கிடையாது. தலையைக் கழற்றினால் பிள்ளைகள் பயந்துவிடுமாம்! பல இடங்களில் கடைசி பந்தி முடிந்த பிறகுதான் அவருக்கு இலை விழுகிறது.