பின்னுதைப்பும் முதிய கையும்

உந்தக் காப்பு விதியைப் பயிலத் தொடங்கும் மாணவன் தன் கணக்கு நூலில் ஒரு துப்பாக்கியைத் தவறாது காண்பான். துப்பாக்கியின் திணிவு இவ்வளவு, குண்டின் திணிவு இவ்வளவு, குண்டு இன்ன வேகத்துடன் வெளியேறின் துப்பாக்கி எவ்வேகத்துடன் பின்னோக்கி உதைக்கும் என்பது வினா. விடை கண்டதும் கணக்கு முடிந்துவிடுகின்றது. ஆனால் அவ்வுதைப்பை ஏற்று நிறுத்தும் கை ஒன்று உண்டென்பதும், அக்கை இருபது வயதினதாகவோ எழுபது வயதினதாகவோ இருக்கலாம் என்பதும் கணக்கில் இடம்பெறுவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் இலக்கு நோக்கிச் சுடுதல் நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு விளையாட்டு. இளமையில் அதனைப் பயின்றோர் பலர் முதுமையிலும் அதனைக் கைவிட விரும்புவதில்லை. அவர்கள் எத்தகைய கைத்துப்பாக்கியையும் தோட்டாவையும் தெரிந்தெடுத்தல் தகும் என்னும் வினா, வகுப்பறையில் யாம் கற்பிக்கும் இயக்கவியலுக்கு உயிருள்ள ஓர் எடுத்துக்காட்டாகும். எம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமமின்றி இக்கருவியைத் தீண்டவும் இயலாது. ஆயினும் இதன் தத்துவத்தை அறிதற்கு உரிமம் வேண்டுவதில்லை.

உதைப்பு எழுமாறு

ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டென நியூற்றன் தமது பெருநூலில் 1687இல் நிறுவினார். தோட்டாவினுள் வெடிமருந்து எரியுங்கால் எழும் வாயு, குண்டை முன்னோக்கித் தள்ளும் அளவிற்கே துப்பாக்கியைப் பின்னோக்கியும் தள்ளுகின்றது. குண்டு குழலினுள் இருப்பது ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைந்த நேரமே. அச்சிறு கணத்திற் குண்டு எவ்வளவு உந்தத்தைப் பெறுகின்றதோ, அவ்வளவு உந்தத்தைத் துப்பாக்கியும் எதிர்த்திசையிற் பெறுகின்றது. குண்டின் பின்னே பீறிட்டு வெளியேறும் வாயுவும் தன் பங்கிற்குச் சிறிது சேர்க்கின்றது.

உலகிற் பெருவழக்காயுள்ள 9 மி.மீ. பரபெல்லம் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு ஏறக்குறைய 7.5 கிராம், வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர். இவற்றின் பெருக்கம் ஏறக்குறைய 2.6 கிலோகிராம் மீற்றர்/செக்கன். வாயுவின் பங்கையும் கூட்டின் 3 அலகு எனக் கொள்ளலாம். துப்பாக்கியின் திணிவு 900 கிராம் எனின், அது செக்கனுக்கு 3.3 மீற்றர் வேகத்துடன் பின்னோக்கிப் பாய முயலும். அதன் இயக்கசத்தி 5 யூல் ஆகும்.

இனி, அதே தோட்டாவை 450 கிராம் திணிவுள்ள ஒரு சிறு துப்பாக்கியில் இடுவோம். உந்தம் மாறவில்லை, திணிவு பாதியாயிற்று, ஆதலின் வேகம் இருமடங்காகின்றது. வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதாகிய சத்தி 10 யூலாக உயர்கின்றது. பாரத்தைப் பாதியாக்கினோர் கைக்கு வந்துசேரும் சத்தியை இரட்டிப்பாக்கினர். “முதியவருக்குச் சிறியதும் இலேசானதுமான துப்பாக்கியே உகந்தது” என வணிகரும் உறவினரும் அன்போடு கூறும் அறிவுரை இவ்விடத்தே பிழைபடுகின்றது. தூக்குவதற்கு இலேசானது சுடுவதற்குக் கடியது.

எனினும், பாரமும் அளவிறந்து பெருகுதல் ஆகாது. ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட பொருளைக் கை நீட்டிப் பிடித்திருத்தல் தளர்ந்த தோளுக்கு எளிதன்று. களைத்த தோள் நடுங்கும்; நடுங்கும் கை குறி தவறும். ஆகவே இரு கைகளாலும் பிடித்தற்கு இடந்தரும் பிடியும், தோள் தாங்கும் எல்லைக்கு உட்பட்ட பாரமும் ஒருங்கு வேண்டப்படுகின்றன.

தோட்டாவின் தெரிவு

துப்பாக்கியின் பாரத்திற்கு எல்லை உண்டெனின், எஞ்சியிருப்பது தோட்டாவின் உந்தத்தைக் குறைத்தலே. இங்கு முதலிடம் பெறுவது 1887ஆம் ஆண்டளவில் தோன்றிய 0.22 லோங் றைபிள் தோட்டா. அதன் குண்டு 2.6 கிராம் மட்டுமே. 900 கிராம் துப்பாக்கியிலிருந்து அதனைச் சுட்டால் உதைப்பின் சத்தி ஏறக்குறைய அரை யூல். அஃதாவது 9 மி.மீ. தோட்டாவினதிற் பத்தில் ஒரு பங்கு. விலையிலும் அது குறைந்தது. பயிற்சி பெருகப் பெருகத் திறன் வளரும் ஒரு கலையில் இதுவும் சிறிய நன்மையன்று. ஆயின் ஒரு குறையுண்டு. இத்தோட்டாவிற் பற்றுமருந்து அடித்தட்டின் விளிம்பினுள் இடப்படுவதால், நடுவிற் பற்றுமருந்து பொருத்தப்பட்ட தோட்டாக்களைப் போல அது அத்துணை உறுதியாகத் தீப்பற்றுவதில்லை.

அடுத்து, ஒரே துப்பாக்கியில் இரு வேறு தோட்டாக்கள் எத்துணை வேறுபாட்டை விளைக்கும் என்பதைக் காண்போம். 1930களின் நடுப்பகுதியில் தோன்றிய 0.357 மக்னம் றிவோல்வரில் அதற்கு முற்பட்ட 0.38 ஸ்பெஷல் தோட்டாவையும் இட்டுச் சுடலாம். ஒரு கிலோகிராம் றிவோல்வரில் மக்னம் தோட்டாவின் உதைப்புச் சத்தி 12 யூலை அண்மிக்கும். முகம் தட்டையாக வெட்டப்பட்டு, இலக்குப் பயிற்சிக்கென மென்மையாக மருந்திடப்பட்ட 0.38 தோட்டாவின் சத்தியோ 3 யூலை எட்டாது. கருவியை மாற்றாமலே, தோட்டாவை மாற்றிய அளவில் உதைப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. ஆனால் இதன் மறுதலை பொருந்தாது. 0.38 றிவோல்வரில் மக்னம் தோட்டாவை இடுதல் ஒருபோதும் கூடாது. அவ்வமுக்கத்தைத் தாங்குமாறு அது ஆக்கப்படவில்லை.

கையின் மூப்பு

மனிதனின் பிடிவலிமை முப்பது நாற்பது வயதளவில் உச்சநிலையை எய்திப் பின்னர் மெல்லக் குறைந்து, அறுபதின் பின் விரைந்து தளர்கின்றது. பெருவிரலின் அடிமூட்டிலே தேய்வும் வாதமும் பலருக்கு உண்டாகும். மணிக்கட்டினூடே செல்லும் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போதலும் உண்டு. துப்பாக்கியின் உதைப்பு நேரே வந்து பொருந்துமிடம் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவையே ஆதலின், நோயுற்ற மூட்டு முதலிலே துன்புறுகின்றது.

இங்குப் பயன்படுவன இரு எளிய விதிகள். அமுக்கம் என்பது விசையைப் பரப்பினால் வகுத்துப் பெறுவது. ஆதலின் அகன்றதும் இறப்பர் போர்த்ததுமான பிடி, அதே விசையைக் கூடிய பரப்பிற் பகிர்ந்து நோவைக் குறைக்கின்றது. மற்றையது திருப்பம் பற்றியது. குழலின் அச்சு கைக்கு எவ்வளவு மேலே அமைகின்றதோ அவ்வளவுக்குத் துப்பாக்கியின் முகம் மேனோக்கித் துள்ளி மணிக்கட்டை முறுக்கும். குழல் கையோடு நெருங்கித் தாழ்ந்திருப்பின் துள்ளல் குறையும். 1950களிற் சோவியத் நாட்டவர் குழல் கையின் மட்டத்துக்கு வருமாறு தலைகீழாய் அமைந்த ஒரு போட்டித் துப்பாக்கியைச் செய்ததும், அத்தகைய அமைப்பைப் பின்னர்ப் போட்டி விதிகள் விலக்கியதும் இதன் வன்மைக்குச் சான்று.

பொறியமைப்பும் வலிமையும்

உதைப்பைத் தாங்குதல் ஒன்று. கருவியை இயக்குதல் வேறொன்று. முதியோர் இவ்விரண்டையும் பிரித்து நோக்குதல் வேண்டும்.

தானே மீள நிரப்பிக்கொள்ளும் பிஸ்டலிற் குழலின்மேல் முன்னும் பின்னும் வழுக்கியோடும் உருக்குப் பாகம் ஒன்றுண்டு. முதல் தோட்டாவை ஏற்ற அதனைக் கையாற் பின்னுக்கு இழுத்தல் வேண்டும். அதனை முன்னோக்கித் தள்ளிநிற்கும் சுருள்வில் வன்மையானதாயின் வாதமுற்ற விரல்களால் அஃது இயலாது. சிறிய 0.380 தோட்டாவிற்கான பழைய அமைப்புத் துப்பாக்கிகள் பலவற்றிற் குழலின் அடிவாய் பூட்டப்படுவதில்லை. வழுக்குபாகத்தின் திணிவும் வில்லின் வன்மையுமே அதனை மூடி நிறுத்துகின்றன. ஆகவே தோட்டா மெலிதாயினும் வில் கடிது. உதைப்பும் சுரீரென்று கையிற் படும். குழலும் வழுக்குபாகமும் பூட்டுண்டு சிறிது தூரம் ஒருங்கே நகரும் அமைப்பு வேறொன்று. ஜோன் பிரவுணிங் என்னும் அமெரிக்கர் இதனை வளர்த்தார். 1911இல் அமெரிக்கப் படை ஏற்ற பிஸ்டல் இவ்வமைப்பினதே. இதில் உதைப்பு சற்று நீண்ட நேரத்திற் பரவி வருகின்றது, வில்லும் மென்மையாயிருக்கலாம். ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 2018இல் 0.380 தோட்டாவிற்கு இப்பூட்டமைப்போடு, எளிதில் இழுக்கத்தக்க வழுக்குபாகம் கொண்ட ஒரு பிஸ்டலை வெளியிட்டது. முதியோரின் தேவை உற்பத்தியாளர் கருத்தை ஈர்த்தமைக்கு இஃதோர் அறிகுறி.

பிஸ்டலில் இன்னுமோர் இடர் உண்டு. வழுக்குபாகம் முழுத்தூரமும் பின்னோட வேண்டுமெனின், அதனைத் தாங்கும் சட்டத்தைக் கை அசையாது நிறுத்துதல் வேண்டும். மணிக்கட்டுத் தளர்ந்து சட்டமும் உடன் பின்வாங்கினால், வழுக்குபாகம் இடையிலே நின்று அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். மிக மென்மையான தோட்டாவை இட்டாலும் இதுவே நேரலாம். றிவோல்வரில் இவ்விடர் இல்லை; இழுக்க வேண்டிய வழுக்குபாகமும் இல்லை. ஆனால் விசைவில்லை ஒரே இழுப்பில் முற்ற இழுத்துச் சுடுதற்கு 10 முதல் 12 இறாத்தல் வரை விசை வேண்டியதாகும். முதலிற் சுத்தியலைப் பெருவிரலாற் பின்னிழுத்து நிறுத்திக்கொண்டாற் சில இறாத்தல்களே போதும். விரல் வலிமை குன்றிப் பெருவிரல் நலமாயிருப்போர்க்கு இது தகும்; பெருவிரல் மூட்டே நோயுற்றோர்க்குத் தகாது. ஆகவே “முதியோர்க்கு றிவோல்வர்” என்றோ “முதியோர்க்குப் பிஸ்டல்” என்றோ பொதுவிதி வகுத்தல் பொருந்தாது. எந்த மூட்டு நோகின்றதென்பதே விடையைத் தீர்மானிக்கும்.

கண், செவி, அச்சம்

மூப்பு கையோடு நிற்பதில்லை. அண்மைப் பொருளைத் தெளிவாய்க் காட்டும் ஆற்றல் கண்வில்லைக்கு நாற்பதின் பின் குன்றுகின்றது. பின்குறி, முன்குறி, இலக்கு என்னும் மூன்றையும் ஒருங்கே காண முயலும் முதியவர் ஒன்றையும் தெளிவாய்க் காணார். ஒளிப்புள்ளியைத் தொலைவிலே தோற்றுவிக்கும் நவீன குறிகாட்டி இத்தொல்லையைத் தீர்க்கின்றது. இலக்கை நோக்கும் கண்ணுக்கே புள்ளியும் தெரியும்.

செவிக்கு வரும் கேடு பெரிது. கைத்துப்பாக்கியின் ஓசை பொதுவாக 140 தெசிபெல்லுக்கு மேற்பட்டது. செவிக்காப்பின்றிச் சுடுவோர் மீளாச் செவிட்டுத்தன்மைக்கு ஆளாவர். ஓசையும் நோவும் சேர்ந்து உள்ளத்தில் அச்சத்தைப் பதிக்கின்றன. அடுத்த வெடியை எதிர்பார்த்துக் கை தானே கீழ்நோக்கித் துடிக்க, குண்டு இலக்கின் கீழே செல்கின்றது. இதற்கு மருந்து துணிவன்று, மெல்லிய தோட்டாவே.

விளையாட்டரங்கின் சான்று

குறைந்த உதைப்பு முதியோர்க்குரிய சலுகை என எண்ணுதல் தவறு. உலகின் தலைசிறந்தோரும் அதனையே நாடினர். ஐந்து இலக்குகளை 4 செக்கனிற் சுடவேண்டிய ஒலிம்பிக் விரைவுப் பிஸ்டல் போட்டியில் 2004ஆம் ஆண்டுவரை வழங்கியது 0.22 தோட்டாவினும் மெலிதாகிய 0.22 ஷோர்ட் தோட்டாவே. ஹங்கேரியரான கரோலி தகாச் 1938இற் கைக்குண்டு வெடித்து வலக்கையை இழந்தபின், இடக்கையாற் பயின்று 1948, 1952 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களில் இப்போட்டியிலே பொற்பதக்கம் வென்றார். ஜோர்ஜியாவின் நீனோ சலுக்வாட்சே 1988 முதல் 2024 வரை பத்து ஒலிம்பிக் விழாக்களிற் பங்குகொண்டார். இறுதி விழாவின்போது அவருக்கு வயது 55. துருக்கியரான யூசுப் டிகெச் 2024இல் 51ஆம் வயதிற் காற்றுப் பிஸ்டல் கலப்பிரட்டையர் போட்டியில் வெள்ளி பெற்றார். காற்றுப் பிஸ்டலின் குண்டு அரைக் கிராமளவினது; உதைப்பு உண்டோ இல்லையோ என ஐயுறத்தக்கது. றைபிளை நோக்கின், சுவீடன் நாட்டு ஒஸ்கார் ஸ்வான் 1920ஆம் ஆண்டு அன்ற்வேப் விழாவில் 72ஆம் வயதில் வெள்ளிப் பதக்கம் வென்றதை விளையாட்டுப் போட்டிகளில் எவரும் இன்னும் விஞ்சவில்லை.

தெரிவின் இறுதி

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், முதியவர்க்கு உகந்தது கை தாங்கும் அளவிற்குப் பாரமும், குழல் தாழ்ந்து பிடி அகன்ற அமைப்பும், மெல்லிய தோட்டாவும், நோயுற்ற மூட்டை வருத்தாத பொறியும் கொண்ட கருவி என்பது பெறப்படும். வாங்குமுன் தம் கையாலேயே பல்கால் இயக்கியும் சுட்டும் பார்த்தல் வேண்டும். பிறர் கைக்குப் பொருந்தியது தம் கைக்குப் பொருந்துமெனல் ஆகாது.

இவை யாவற்றினும் மேலான தெரிவு ஒன்று உண்டு. அது கருவியை எப்பொழுது கீழே வைப்பது என்பது. கை தளர்ந்தால் மெல்லிய தோட்டாவை நாடலாம். கண் மங்கினால் ஒளிப்புள்ளியை நாடலாம். நினைவு தடுமாறத் தொடங்கின், அல்லது உள்ளத்தை ஆறாத் துயர் பற்றின், ஈடுசெய்யும் பொறி எதுவுமில்லை. ஐக்கிய அமெரிக்காவிற் சுடுகலன்களால் நேரும் சாவுகளுட் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். அவற்றால் மாளும் வீதம் முதிய ஆடவரிடையே மிகுந்துள்ளது. ஆதலின் பூட்டிவைத்தலும், உரிய காலத்திற் பிள்ளைகளிடமோ கழகத்திடமோ ஒப்படைத்தலும் இக்கலையின் புறத்தே நிற்பன அல்ல. அதன் இறுதிப் பாடமாவன. சட்டத்துக்கும் நட்புக்கும் இசையத் தாமே ஒப்படைக்கும் முதியவர் தோற்றவர் அல்லர். தம் கையின் அளவை அறிந்து தோட்டாவைத் தெரிந்த அதே அறிவே அவரைக் கருவியைக் கீழே வைக்கவும் செய்கின்றது.