பிளக் பொருந்தினால் படம் வருமா?



கவிதை, கதை எழுத நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு கேபிளைப் பற்றி. "கேபிளைப் பத்தி எழுத என்னப்பா இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இந்த விஷயம் தெரியாமல், ஒரு நல்ல மானிட்டரைக் காயலான் கடையில் போட்டவன் நான்!

நடந்தது இதுதான். என் லேப்டாப்பின் திரை கீழே விழுந்து உடைந்து விட்டது. புதுத் திரை போட வசதியில்லை. ப்ராஜெக்ட் வேலையோ பாதியில் நிற்கிறது. சைதாப்பேட்டையில் எங்கள் எதிர் வீட்டு மாமா, ஆபீசில் கழித்துவிட்ட 17 அங்குல எல்.சி.டி. மானிட்டரை, "படிப்புக்கு ஆகும், வச்சுக்கோப்பா" என்று கொடுத்தார். அதில் இருந்தது நீல நிற வி.ஜி.ஏ. சாக்கெட் மட்டும். என் லேப்டாப்பில் இருந்தது எச்.டி.எம்.ஐ. மட்டும்.

ஒரு கடைக்குப் போனேன். "ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ., இன்னொரு பக்கம் வி.ஜி.ஏ. இருக்கிற கேபிள் குடுங்கண்ணே" என்றேன். "இந்தா தம்பி, 150 ரூபா" என்றார். வீட்டுக்கு வந்து மாட்டினேன். இரண்டு முனையும் கச்சிதமாகப் பொருந்தின. ஸ்விட்ச் போட்டால், 'நோ சிக்னல்' என்று இரண்டு வார்த்தை. அப்புறம் இருட்டு. நண்பனின் லேப்டாப்பிலும் அதே கதை. "மானிட்டர் அவுட்டு" என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அம்மா, "இடத்தை அடைச்சிக்கிட்டு இருக்கு, எடைக்குப் போட்டுடு" என்றார். போட்டேன்.

அடுத்த வாரம் லேபில் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் கேபிளை வாங்கி, மல்டிமீட்டரில் கன்டினியுட்டி பார்த்தார். எச்.டி.எம்.ஐ. பின்னிலிருந்து வி.ஜி.ஏ. பின்னுக்கு வெறும் கம்பி! "உள்ளே ஒரு ஐ.சி. கூட இல்லையே தம்பி, இது எப்படிப் படம் காட்டும்?" என்றார். காயலான் கடைக்கு ஓடினேன். அங்கே என் மானிட்டர் பிளாஸ்டிக் தனி, தகடு தனி, போர்டு தனியாகப் பிரிந்து கிடந்தது.

பிளக் வேறு, கரண்ட் வேறு

இரண்டு பின் பிளக்கை மூன்று பின் சாக்கெட்டில் மாட்ட ஒரு சாதாரண அடாப்டர் போதும். ஆனால் ஏ.சி.யை டி.சி. ஆக்க வேண்டுமென்றால் ரெக்டிஃபையர் வேண்டும். பிளக்கை மாற்றினால் கரண்ட் மாறுமா? மாறாது. வீடியோ கேபிள் விஷயமும் இதேதான்.

வி.ஜி.ஏ. என்பது 1987-ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டு வந்தது. மூன்று வரிசையில் 15 பின்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி கம்பியில் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் அனலாக் சிக்னல். கூடவே வரிக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என இரண்டு சின்க் சிக்னல்கள்.

எச்.டி.எம்.ஐ. 2002-ல் வந்தது. 19 பின்கள். இதில் போவது பூஜ்யமும் ஒன்றும் கலந்த டிஜிட்டல் சிக்னல். இதை வி.ஜி.ஏ. மானிட்டருக்குக் கொடுக்க, நடுவில் ஒரு டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர் சிப் இருந்தே தீர வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதே கன்வர்ட்டர்தான்!

அந்த சிப்புக்குப் பவர்? எச்.டி.எம்.ஐ.யின் 18-ஆவது பின்னில் 5 வோல்ட் வருகிறது. ஆனால் விதிப்படி 55 மில்லி ஆம்பியருக்குத்தான் உத்தரவாதம். அது போதாமல் படம் விட்டு விட்டு வந்தால், யு.எஸ்.பி. பவர் கொடுக்கும் வசதியுள்ள அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு வழிப் பாதை

லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து மானிட்டரின் வி.ஜி.ஏ.வுக்குப் போகிற அடாப்டரைத் திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. வி.ஜி.ஏ. மட்டும் உள்ள பழைய கம்ப்யூட்டரை எச்.டி.எம்.ஐ. டி.வி.யில் பார்க்க, அனலாக்கை டிஜிட்டலாக்கும் வேறு சிப் வேண்டும். ஆகவே, கடையில் "எங்கிருந்து எங்கே" என்று சொல்லிக் கேளுங்கள்.

மற்ற சாக்கெட்டுகள்

டி.வி.ஐ. (1999): டி.வி.ஐ.-டி.யும் எச்.டி.எம்.ஐ.யும் ஒரே வகை டிஜிட்டல் சிக்னல். சிப் இல்லாத சாதாரண அடாப்டரே போதும். ஒலிக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்து கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் டி.வி.ஐ. சாக்கெட்டில், தட்டையான துளையைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருந்தால் அது டி.வி.ஐ.-ஐ. அதில் அனலாக்கும் வரும்; வி.ஜி.ஏ.வுக்குச் சாதாரண அடாப்டர் போதும். அந்த நான்கும் இல்லையென்றால் சிப் வேண்டும்.

டிஸ்ப்ளே போர்ட் (2006): சாக்கெட் அருகே இரட்டைக் கூட்டல் குறி இருந்தால், எச்.டி.எம்.ஐ. மானிட்டருக்கு விலை குறைந்த அடாப்டரே போதும். ஆனால் எச்.டி.எம்.ஐ. கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்ப்ளே போர்ட் மானிட்டருக்குப் போக, தனிப் பவரோடு கூடிய கன்வர்ட்டர் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

யு.எஸ்.பி.-சி: பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எல்லாவற்றிலும் படம் வராது. சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான். அருகில் டி.பி. அல்லது தண்டர்போல்ட் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லையென்றால், வாங்குமுன் உங்கள் மாடலின் விவரக் குறிப்பைப் படித்து விடுங்கள்.

"இனிமே வி.ஜி.ஏ. யாருக்கு வேணும்?" என்று கேட்கலாம். இன்டெல், ஏ.எம்.டி., டெல் போன்ற நிறுவனங்கள் சேர்ந்து 2010 டிசம்பரிலேயே வி.ஜி.ஏ.வுக்கு விடை கொடுப்பதாக அறிவித்தன. ஆனால் நம் செமினார் ஹால் புரொஜெக்டருக்கு அது தெரியாதே!

கடைக்குப் போகுமுன்

1. இரண்டு பக்க சாக்கெட்டுகளையும் போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

2. எது அனுப்புகிறது, எது வாங்குகிறது என்று எழுதிக் கொள்ளுங்கள்.

3. அனலாக், டிஜிட்டல் மாறுகிறதா? "உள்ளே சிப் இருக்காண்ணே?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

4. முடிந்தால் லேப்டாப்பைக் கொண்டு போய், கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

5. படம் வந்த பிறகு, மானிட்டரின் சொந்த ரெசல்யூஷனை செட் செய்யுங்கள். பல 17 அங்குல சதுர மானிட்டர்களுக்கு அது 1280 x 1024. வேறு வைத்தால் எழுத்து மங்கும்.

பிறகு நான் சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். சிப் உள்ள அடாப்டர் ஒன்றைக் கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்கினேன். ப்ராஜெக்ட் அன்று செமினார் ஹால் புரொஜெக்டரில் முதல் தடவையே படம் வந்தது. நண்பர்கள் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த 17 அங்குல மானிட்டர் ஞாபகம் வந்தது.

கடைசியாக ஒன்று. 'நோ சிக்னல்' என்ற அந்த இரண்டு வார்த்தையை எழுதிக் காட்டியது யார்? மானிட்டரேதான்! அதன் பவர் சப்ளை, பின்விளக்கு, திரை, போர்டு எல்லாம் வேலை செய்ததால்தான் அதைக் காட்ட முடிந்தது. "நான் நல்லா இருக்கேன், எனக்குத்தான் எதுவும் வரலை" என்று அது சொல்லியிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற எனக்கு அது புரியவில்லை.

உங்கள் வீட்டு மானிட்டர் அப்படிச் சொன்னால், முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். காயலான் கடை எங்கேயும் போய்விடாது!

— இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு