மாய உறுப்பு

மாய உறுப்பு என்பது விபத்து, போர், நோய் முதலியவற்றால் உடலிலிருந்து நீக்கப்பட்ட ஒரு கை அல்லது கால் இன்னும் அதே இடத்தில் இருப்பதாக உணரப்படும் நிலை ஆகும். உறுப்பு நீக்கத்துக்கு உட்பட்டோரில் பெரும்பாலானோர் இவ்வுணர்வைப் பெறுகின்றனர். இவ்வாறு உணரப்படும் உறுப்பில் வலியும் தோன்றலாம். அது மாய உறுப்பு வலி எனப்படும். இல்லாத கையில் எவ்வாறு வலிக்க முடியும் என்ற கேள்வி மருத்துவர்களையும் மெய்யியலாளர்களையும் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளாகச் சிந்திக்க வைத்துள்ளது. இதற்கான விடை தேடும் முயற்சி, மூளை தன் உடலை எவ்வாறு அறிகிறது என்பதைப் பற்றிய புரிதலையே மாற்றியமைத்தது.

தன்மைகள்

மாய உறுப்பை உணர்பவர்கள் தம் கை அல்லது கால் இல்லை என்பதை நன்கு அறிவர். எனவே இது மனநோயோ மனப்பிரமையோ அன்று. எனினும் விரல்கள் மடங்குவதையும், கை அசைவதையும், தோல் அரிப்பதையும், வெப்பம் அல்லது குளிர் படுவதையும் அவர்கள் தெளிவாக உணர்கின்றனர். கீழே விழப்போகும் பொருளைப் பிடிக்க இல்லாத கையை நீட்டுவதும், படுக்கையிலிருந்து எழும்போது இல்லாத காலை ஊன்ற முயன்று விழுவதும் உண்டு.

சிலருக்கு மாய உறுப்பு நாளடைவில் சுருங்கி, கையின் நடுப்பகுதி மறைந்து, விரல்கள் மட்டும் வெட்டப்பட்ட முனையில் ஒட்டியிருப்பது போலத் தோன்றும். வேறு சிலருக்கு அது ஒரே நிலையில் உறைந்து நிற்கும். விரல்கள் இறுக மூடி, நகங்கள் உள்ளங்கையில் அழுந்துவது போன்ற வலியைச் சிலர் விவரிக்கின்றனர். இல்லாத கையின் விரல்களைத் திறக்க அவர்களால் இயலுவதில்லை. உறுப்பு நீக்கம் செய்யப்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு காலத்தில் இவ்வகை வலிக்கு ஆளாகின்றனர்.

வரலாறு

16 ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் போர்க்கள அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பரே, கால் நீக்கப்பட்ட வீரர்கள் நெடுநாள் கழித்தும் அக்காலில் வலிப்பதாக முறையிட்டதைப் பதிவு செய்தார். 1644 ஆம் ஆண்டு மெய்யியலாளர் ரெனே டேக்கார்ட் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். அழுகிய கை நீக்கப்பட்டது அவளுக்குத் தெரியாதவாறு துணியால் சுற்றி மறைக்கப்பட்டிருந்தது. இருந்தும் அவள் அக்கையின் விரல்களில் வலிப்பதாகக் கூறினாள். வலி உணரப்படும் இடம் கை அன்று, மூளையே என்பதற்கு டேக்கார்ட் இதைச் சான்றாகக் காட்டினார்.

மாய உறுப்பு என்ற பெயர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செலால் ஏற்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) அவர் பிலடெல்பியா நகரில் நரம்புக் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவம் செய்தார். 1866 இல் கை, கால்களை இழந்த ஒரு வீரன் தன் கதையைக் கூறுவதாக அமைந்த சிறுகதையைத் தம் பெயரின்றி ஓர் இதழில் வெளியிட்டார். அதை உண்மை என நம்பிய வாசகர்கள் அவ்வீரனுக்கு உதவ முன்வந்தனர். 1871 இல் வெளியான கட்டுரையில் மிட்செல் இவ்வுணர்வுக்கு அப்பெயரைச் சூட்டினார்.

மூளையில் உடலின் வரைபடம்

தோலிலிருந்து வரும் தொடு உணர்வுகள் தண்டுவடம் வழியாக மூளைப் புறணியில் உள்ள ஒரு பட்டையான பகுதியைச் சென்றடைகின்றன. கனடாவின் மொன்ட்ரியால் நகரில் பணியாற்றிய நரம்பியல் அறுவை மருத்துவர் வில்டர் பென்ஃபீல்ட், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி, எந்த இடத்தைத் தூண்டினால் உடலின் எந்தப் பாகத்தில் உணர்வு தோன்றுகிறது எனக் குறித்தார். 1937 இல் வெளியான இவ்வாய்வின்படி, இப்பகுதியில் உடல் முழுவதும் ஒரு வரைபடம் போல அமைந்துள்ளது.

இவ்வரைபடத்தில் இரண்டு தன்மைகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, இடப்பரப்பு உறுப்பின் அளவைப் பொறுத்ததன்று, அதன் நுண்ணுணர்வைப் பொறுத்தது. எனவே முதுகைவிட உதடும் விரல்களும் மிகுந்த இடத்தைப் பெறுகின்றன. இரண்டாவது, வரைபடத்தின் வரிசை உடலின் வரிசையோடு முற்றிலும் ஒத்திருப்பதில்லை. உடலில் முகத்துக்குப் பக்கத்தில் கழுத்து உள்ளது. வரைபடத்திலோ முகத்துக்குப் பக்கத்தில் கை அமைந்துள்ளது.

காரணங்கள் பற்றிய விளக்கங்கள்

வெட்டப்பட்ட நரம்புகள்: வெட்டப்பட்ட நரம்பின் முனைகள் ஒழுங்கின்றி வளர்ந்து சிறு முடிச்சுகளாகின்றன. இவை தாமாகவே சமிக்ஞைகளை அனுப்புவதால் மூளை ஏமாறுகிறது என்பது பழைய விளக்கம். ஆனால் முடிச்சுகளை நீக்கிய பின்னரும் பலருக்கு வலி திரும்பியது. எனவே இது ஒரு பகுதிக் காரணமாக மட்டுமே கொள்ளப்படுகிறது.

பிறவி அமைப்பு: கை, கால் இன்றியே பிறந்தவர்கள் சிலரும் மாய உறுப்பை உணர்வது பதிவாகியுள்ளது. இதன் அடிப்படையில் கனடா நாட்டு உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், முழு உடலின் உணர்வை உருவாக்கும் நரம்பு வலையமைப்பு பிறவியிலேயே மூளையில் உள்ளது எனக் கருதினார்.

வரைபட மாற்றம்: 1991 இல் வெளியான ஓர் ஆய்வில், 12 ஆண்டுகளுக்கு முன் கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளின் மூளையில், கைக்குரிய பகுதி முகத்தைத் தொடும்போது செயற்படுவது கண்டறியப்பட்டது. வேலையற்றுப் போன இடத்தை அண்டைப் பகுதி பயன்படுத்திக் கொண்டதாக இது விளக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் இக்கருத்தை மனிதரிடத்தில் சோதித்தார். கை இழந்த ஓர் இளைஞரின் கண்களைக் கட்டி, முகத்தின் வெவ்வேறு இடங்களைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டார். கன்னத்தில் ஓரிடத்தைத் தொட்டபோது மாயக் கையின் பெருவிரலிலும், வேறிடத்தைத் தொட்டபோது வேறு விரலிலும் தொடு உணர்வு தோன்றியதாக அவர் கூறினார். கருவிகள் ஏதுமின்றிச் செய்யப்பட்ட இச்சோதனை 1992 இல் வெளியாகிப் பரவலாகப் பேசப்பட்டது.

கண்ணாடிப் பெட்டி

மாய உறுப்பு உறைந்து நிற்பதற்கு ராமச்சந்திரன் ஒரு காரணம் கூறினார். கையை அசைக்குமாறு மூளை ஆணையிடும்போதெல்லாம், கை அசையவில்லை என்ற செய்தியே கண்களிலிருந்து திரும்ப வருகிறது. இது மீண்டும் மீண்டும் நிகழ்வதால், அசையாமையை மூளை கற்றுக் கொள்கிறது. அவ்வாறெனில், கை அசைவதாகக் கண்ணுக்குக் காட்டினால் அக்கல்வியை மாற்ற இயல வேண்டும்.

இதற்காக அவர் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினார். நோயாளி இருக்கும் கையை ஒரு புறத்தில் வைத்து, கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால், இழந்த கையும் விரிவது போலத் தோன்றும். சிலர், பல ஆண்டுகளாக இறுகியிருந்த மாயக் கை அப்போதே திறந்ததாகத் தெரிவித்தனர். பத்தாண்டுகளாக அசையாத மாயக் கையோடு வாழ்ந்த ஒருவர், சில வாரப் பயிற்சிக்குப் பின் விரல்கள் மட்டும் தோளில் எஞ்சியிருக்கக் கை மறைந்ததாகவும், முழங்கை வலி நீங்கியதாகவும் கூறினார். இவ்வாய்வு 1996 இல் வெளியானது.

2007 இல் அமெரிக்கப் படைவீரர்களிடையே நடந்த சோதனையில், கால் இழந்தவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு கண்ணாடியையும், ஒரு குழு துணியால் மூடிய கண்ணாடியையும் பயன்படுத்தியது. மூன்றாம் குழு அசைவைக் கற்பனை மட்டும் செய்தது. நான்கு வாரங்களின் இறுதியில் கண்ணாடியைப் பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. ஏனைய குழுக்களில் பெரும்பாலோருக்குக் குறையவில்லை. சோதனை சிறியது. பின்னர் நடந்த ஆய்வுகளில் பலன் ஒரே அளவாக இல்லை. எனினும் செலவும் தீங்கும் மிகக் குறைவு என்பதால் இம்முறை பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது.

வரைபடம் உண்மையில் மாறுகிறதா?

1995 இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹெர்டா ஃப்ளோரின் குழு, வரைபட மாற்றம் மிகுதியாக உள்ளவர்களுக்கு மாய வலியும் மிகுதி என அறிவித்தது. இதன்பின் இல்லாத கையின் இடத்தை முகம் பிடித்துக் கொள்கிறது என்ற விளக்கம் பாடநூல்களில் இடம்பெற்றது.

பிரித்தானியாவில் டாமர் மேக்கின் தலைமையிலான குழுவின் முடிவுகள் இதற்கு மாறாக அமைந்தன. கை இழந்தவர்களை மாயக் கையை அசைக்கச் சொல்லி மூளையைப் படமெடுத்தபோது, கைக்குரிய பகுதி பல ஆண்டுகளுக்குப் பின்னும் செயற்படுவது 2013 இல் காட்டப்பட்டது. வலி மிகுந்தவர்களிடம் அப்பகுதி நன்கு பாதுகாக்கப்பட்டும் இருந்தது. 2025 இல் வெளியான ஆய்வில், கை நீக்கப்படவிருந்த மூவரின் மூளை அறுவைக்கு முன்னரும், பின்னர் 5 ஆண்டுகள் வரையிலும் படமெடுக்கப்பட்டது. கையின் வரைபடம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. உதட்டின் பகுதி கையின் இடத்துக்குப் பரவவில்லை.

அவ்வாறெனில் கன்னத்தைத் தொட்டபோது விரல்களில் உணர்வு தோன்றியது எவ்வாறு? முகத்திலிருந்து கைப்பகுதிக்குச் செல்லும் வலுக்குறைந்த இணைப்புகள் அனைவரிடமும் முன்பே உள்ளன என்றும், கையின் சமிக்ஞை நின்றபின் அவை வெளிப்படுகின்றன என்றும் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இவ்விவாதம் இன்னும் முடிவுறவில்லை.

மருத்துவப் பயன்

இவ்விவாதத்தின் முடிவு மருத்துவத்தையும் பாதிக்கும். மாறிவிட்ட வரைபடமே வலிக்குக் காரணம் எனில், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே மருத்துவத்தின் நோக்கமாக இருக்க வேண்டும். வரைபடம் மாறவே இல்லை எனில், வெட்டப்பட்ட நரம்பின் மீதே மீண்டும் கவனம் செலுத்த வேண்டும். அறுவையின்போது வெட்டப்பட்ட நரம்பை அருகிலுள்ள தசையின் நரம்போடு இணைத்தால் வலி குறைவதாக 2019 இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. கையின் வரைபடம் அழியாமல் இருப்பது, மூளைச் சமிக்ஞைகளால் இயங்கும் செயற்கைக் கைகளை உருவாக்குவோருக்கும் நம்பிக்கை அளிப்பதாகும்.

நீரிழிவு நோய், சாலை விபத்து, கண்ணிவெடி ஆகியவற்றால் உறுப்பு இழப்போர் பலர், பிறர் தம்மை மனநோயாளி எனக் கருதுவர் என்ற அச்சத்தால் இவ்வலியை வெளியே சொல்வதில்லை. அவர்களின் உறுப்பு இல்லையாயினும், அவ்வலி மூளையில் உண்மையாகவே நிகழ்கிறது. எனவே ஏனைய வலிகளைப் போன்றே இதுவும் மருத்துவரிடம் கூறப்பட வேண்டியதாகும்.