ஒரே கோணம், இரண்டு வில்லைகள்

கழக நிகழ்ச்சிகளில் கேமராவும் கையுமாகத் திரிபவன் என்பதால், "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தமிழ்ப்பள்ளியில் வில்லை என்று படித்தோமே, அதுதான் லென்ஸ். அண்மையில் அதே கேள்வி எனக்கும் எழுந்தது. பாட்டி குடியிருக்கும் தோட்ட வீட்டை இவ்வாண்டு இறுதிக்குள் காலி செய்ய வேண்டும். அதற்குள் அவ்வீட்டைப் படமெடுத்து வைக்க விரும்பினேன்.

பாட்டியிடம் சொன்னேன். "என்னை மட்டும் எடுக்காதய்யா, அடுப்பும் தெரியணும்" என்றார். அடுப்படியோ சிறியது, பின்னால் நகர்ந்தால் சுவர். ஆகவே, அகலக்கோண வில்லை தேவைப்பட்டது.

என்னிடம் இருப்பது ஃபியூஜிஃபிலிம் மிரர்லெஸ் கேமரா. அதற்குப் பொருந்தும் 16 மில்லிமீட்டர் குவியத் தூர வில்லைகளில் இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று 2015இல் வெளிவந்த எஃப்1.4, மற்றொன்று 2019இல் வெளிவந்த எஃப்2.8. இரண்டிலும் ஸூம் கிடையாது. இரண்டும் சுமார் 83 பாகை அகலத்தைக் காட்டும். தூறலையும் தூசியையும் தாங்கும். பெரியதன் எடை 375 கிராம். சிறியது 155 கிராம்தான். வெளிவந்தபோது அமெரிக்காவில் பெரியதன் விலை 999 டாலர். சிறியதன் விலை 399 டாலர்.

இவ்வளவு விலை வேறுபாடு ஏன்? முக்கியக் காரணம் வெளிச்சம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 16ஐ 1.4ஆல் வகுத்தால் சுமார் 11.4 மில்லிமீட்டர், 2.8ஆல் வகுத்தால் 5.7 மில்லிமீட்டர். விட்டம் இரு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும். எனவே, பெரிய வில்லை நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது.

மூத்த மாணவர் ஒருவரிடம் இரண்டையும் ஒரு வாரயிறுதிக்கு இரவல் பெற்றேன். அடுப்படியில் ஒரே ஒரு விளக்கு. ஐஎஸ்ஓ 3200இல், சிறிய வில்லைக்கு 30இல் ஒரு பங்கு வினாடி தேவைப்பட்டது. குழம்பைக் கிளறிய பாட்டியின் கை புகைபோல் கலங்கியது. பெரியதில் 125இல் ஒரு பங்கு வினாடி போதுமானதாக இருந்தது. விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. வாசற்படியில் பகல் வெளிச்சத்தில் அவர் அமர்ந்திருந்தபோதோ, எந்தப் படம் எந்த வில்லையில் எடுத்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

எஃப்1.4 என்றால் பின்னணி முழுவதும் மங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அகலக்கோணத்தில் அப்படியன்று. மூன்று மீட்டர் தூரத்தில் குவியப்படுத்தினால், ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் முதல் நாலரை மீட்டர் வரை தெளிவாகவே இருக்கும். பாட்டியும் தெரிந்தார், பின்னால் இருந்த அடுப்பும் தெரிந்தது.

இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. சட்டத்தின் ஓரத்தில் இருக்கும் முகம் இழுபட்டு அகலமாகத் தெரியும். அதிக விலை கொடுத்தாலும் இது மாறாது. ஆகவே, மனிதர்களை நடுவிலும் பானை சட்டிகளை ஓரத்திலும் வைத்து எடுங்கள்.

முடிவில், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் சிறியதை வாங்கினேன். தோளுக்குச் சுமையில்லை, பாட்டி வீட்டில் பெரும்பாலானவை அசையாப் பொருள்கள். ஆனால், மங்கிய மேடையில் நடனத்தைப் படமெடுக்க வேண்டிய நம் கழகத்திற்குப் பெரியதையே பரிந்துரைப்பேன். வாங்கும் முன், நீங்கள் எடுக்கப்போவது குறைந்த வெளிச்சத்தில் அசையுமா, அசையாதா என்று மட்டும் யோசியுங்கள்.

அடுப்படிக்காகப் பெரிய வில்லையை இன்னும் ஒருமுறை இரவல் கேட்டிருக்கிறேன். உங்கள் குடும்பத்திலும் காலி செய்யவேண்டிய வீடு ஏதும் இருந்தால், இரவல் வாங்கியாவது படமெடுத்து வையுங்கள். அடுப்பும் தெரியட்டும்.