கூறைப் புடவையும் கன்னட மண்ணும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் பழமொழி. திருமண நாளிலோ ஆடைக்கே முதலிடம். மணமகள் கூறை உடுத்தி வந்து அமர்ந்த பின்னரே கழுத்தில் தாலி ஏறுகிறது. இவ்வழக்கம் நேற்று வந்ததன்று. அகநானூற்றின் 136ஆம் பாடலிலேயே புத்தாடை போர்த்திய மணமகளைக் காண்கிறோம்.

கூறை என்றால் ஆடை. மயிலாடுதுறையில் உள்ள கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து கட்டமிட்டு நெய்த புடவை மணப்புடவையாகப் பெயர் பெற்றது. இன்று பல இல்லங்களில் அவ்விடத்தைக் காஞ்சிப் பட்டு பிடித்துக்கொண்டது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என ஊடையை மாற்றி, இழையோடு இழை கோத்து நெய்வதைக் ‘கோர்வை’ என்பர். இருபுறக் கரைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளருக்குத் துணையாக மற்றொருவரும் தறியில் அமர வேண்டும்.

அந்தப் பட்டு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் வாழும் இக்கன்னட நாட்டிலிருந்துதான்! நான் குடியிருக்கும் பொம்மனஹள்ளிக்குச் சற்று வடக்கே, ஓசூர்ச் சாலையில் உள்ளது ‘சில்க் போர்டு’ சந்திப்பு. நெரிசலுக்குப் பேர்போன அவ்விடத்துக்குப் பெயர் தந்தது, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்திய பட்டு வாரியம். உழவர்கள் இராமநகரச் சந்தையில் பட்டுக்கூடுகளை விற்கின்றனர். கூடுகளை வெந்நீரில் இட்டு நூலைப் பிரித்தெடுக்கின்றனர். வேதியியல் மாணவனாகிய எனக்கு வியப்பூட்டுவது அடுத்த கட்டம். நூலின் மேல் ‘செரிசின்’ என்னும் பசை படிந்திருக்கும். சோப்பு நீரில் கொதிக்கவைத்தால் அது கரைந்து, எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறையும். எஞ்சும் ‘ஃபைப்ராயின்’ இழைதான் பளபளக்கிறது. சாயத்தையும் நன்கு ஏற்கிறது.

கன்னட மணமகளுக்கும் ‘தாரெ சீரெ’ உண்டு. தாரை வார்ப்பது நம் வழக்கமுந்தான். ‘சீரை’யோ ஆடையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்.

1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டி இந்நகரில் தமிழர் தாக்கப்பட்டனர். அஞ்சி ஊரைவிட்டே போனவர் பலர். நான் அதற்குப் பின் பிறந்தவன். ஆயினும் தண்ணீர்ப் பிணக்கு எழும்போதெல்லாம், “வெளியில் பார்த்துப் பேசப்பா” என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் எச்சரிக்கிறார். அந்த அச்சம் பொய்யன்று. கன்னட உழவர் வளர்த்த புழுவின் நூல் தமிழ்ப் பெண்ணின் மணக்கோலமாகிறது என்பதும் பொய்யன்று. நண்பர்களே, நம் அக்கா தங்கையர் கூறை உடுத்தும் நாளில் கன்னடத் தோழரையும் அழைப்போம். இந்த உறவை அவருக்கும் எடுத்துச் சொல்வோம்.